ஒன்பது, ஐந்து, மூன்று

அரைப்பக்கம்கூட நிரம்பாத படிவம் அது. வழக்கமான ஒரு வாரத்தில், உங்கள் ஓய்வு நேரத்தில், 15 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும்படி பின்வரும் பயிற்சிகளை எத்தனை தடவை செய்கிறீர்கள் என்று கேட்கும். கீழே மூன்று வரிகள். முதலாவது, நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்ளும் கடும் பயிற்சி: ஓட்டம், கால்பந்து, ஜூடோ, வேக நீச்சல். இரண்டாவது, ஆளைக் களைக்க வைக்காத நடுத்தரப் பயிற்சி: விறுவிறு நடை, பூப்பந்து, கிராமிய நடனம். மூன்றாவது, சிரமமே தெரியாத லேசான பயிற்சி: யோகா, நிதானமான நடை, ஆற்றங்கரையில் தூண்டில் போடுவது. பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியை ஓட்டுவதும் இந்த மூன்றாவது வரியில் சேர்த்திதான். படிவம் பிறந்த ஊர் எது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதான். கடும் பயிற்சியின் எண்ணிக்கையை 9 ஆலும், நடுத்தரத்தை 5 ஆலும், லேசானதை 3 ஆலும் பெருக்கிக் கூட்டினால் அந்த மனிதரின் வார மதிப்பெண் வந்துவிடும். கனடாவைச் சேர்ந்த கஸ்தோன் கோடினும் ராய் ஷெப்பர்டும் 1985இல் இதை வெளியிட்டார்கள். 306 ஆரோக்கியமான ஆட்களிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி, அவர்களின் உடல் உச்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது, உடலில் கொழுப்பு எவ்வளவு என்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். ஊரில் யார் உடம்பை அசைக்கிறார், யார் அசைப்பதில்லை என்று மலிவாகவும் சீக்கிரமாகவும் பிரித்தறிய வேண்டும். அவர்கள் தேவை அது மட்டும்தான்.

புற்றுநோய் அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில், புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் எவ்வளவு உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று அறிய விரும்பிய ஆய்வாளர்கள் மிக அதிகமாகக் கையில் எடுத்த படிவங்களில் ஒன்றாக இது ஆகிவிட்டது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் கெரி கோர்னேயாவும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆய்வுக்கு ஆய்வு இதைப் பயன்படுத்தியது ஒரு காரணம். நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது என்பது இன்னொன்று. கீமோ முடித்து வந்து உட்கார்ந்திருப்பவரிடம் பத்துப் பக்கக் கேள்வித்தாளை நீட்ட யாருக்கும் மனம் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த ஒரு பெண், வாரத்தில் 2 தடவை விறுவிறுவென்றும் 5 தடவை மெதுவாகவும் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம், ஆட்டம் எதுவும் இல்லை. 2 × 5, 5 × 3. மொத்தம் 25. இந்த 25 எதன் அளவு? அவர் செலவழித்த சக்தியின் அளவா, எடுத்த முயற்சியின் அளவா, அல்லது தன் வாரத்தைப் பற்றி அவர் மனத்தில் வைத்திருக்கும் சித்திரத்தின் அளவா? இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

உடலுழைப்பை அளப்பதற்கு ஆளைக் கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை எப்போதும் இருந்ததில்லை. 1953இல் லண்டனில் ஜெரமி மாரிஸ் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. இரட்டை மாடிப் பேருந்தின் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், நடத்துநர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். யார் எவ்வளவு அசைகிறார் என்பதை வேலையின் பெயரே சொல்லிவிட்டது. நடத்துநர்களிடம் இதயநோய் குறைவு என்று அவர் கண்டார். அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபன்பார்கருக்கு அந்த வசதி இல்லை. அவர் ஆராய்ந்தது ஹார்வர்டில் படித்து வெளியேறிய ஆண்களை. அவர்களில் பெரும்பாலோர் நாற்காலி உத்தியோகம் பார்ப்பவர்கள். அதனால் அவர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் போனது: நாளொன்றுக்கு எத்தனை தெரு நடக்கிறீர்கள், எத்தனை மாடி ஏறுகிறீர்கள், என்ன விளையாடுகிறீர்கள். கிட்டத்தட்ட 17,000 பேர். இன்றைய படிவங்கள் பலவும் அந்தத் தபால் உறைகளின் வாரிசுகள்தான்.

புற்றுநோய்க்கு வருவோம். இத்துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சுட்டும் ஆய்வு 2005இல் மிஷெல் ஹோம்ஸும் சகாக்களும் வெளியிட்டது. அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு தொடர்ந்துவந்த ஒரு பெரிய திட்டத்தில், 1984க்கும் 1998க்கும் இடையில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 2,987 பெண்கள். நடை, ஓட்டம், மிதிவண்டி, நீச்சல், டென்னிஸ் ஆகியவற்றில் வாரத்துக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள், எந்த வேகத்தில் நடப்பீர்கள் என்று அவர்களிடம் கேட்டிருந்தார்கள்.

பதில்களை ஒரே அலகுக்குக் கொண்டுவர ‘மெட்’ என்ற கணக்கு உதவுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தி 1 மெட். சாதாரண வேக நடைக்கு அதைப்போல் சுமார் மூன்று மடங்கு ஆகிறது, ஆகவே அது 3 மெட். ஒரு மணி நேரம் அப்படி நடந்தால் 3 மெட்-மணி. ஹோம்ஸ் கண்டது இது: வாரத்துக்கு 3 மெட்-மணிக்கும் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 9 முதல் 15 மெட்-மணி வரை சொன்னவர்கள் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழப் பாதி. அதாவது வாரத்துக்கு 3 முதல் 5 மணி நேர நடை. அதற்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. 24ஐத் தாண்டியவர்களின் அபாயம் பாதிக்குச் சற்று மேலேயே நின்றது.

உடம்புக்கு ஓர் அளவுக்கு மேல் பயன் இல்லை என்று இதைப் படிக்கலாம். 24க்கு மேல் சொன்னவர்களில் சிலர் கொஞ்சம் தாராளமாகச் சொன்னவர்கள் என்றும் படிக்கலாம். எண்களை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அளவுகோலின் வளைவும் அளக்கப்படும் பொருளின் வளைவும் ஒரே கோட்டில் கலந்துவிடுகின்றன.

ஹோம்ஸ் குழுவினர் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருந்தார்கள். நோய் கண்டறியப்பட்டு 2 ஆண்டாவது கடந்த பிறகு சொன்ன பதிலைத்தான் கணக்கில் எடுத்தார்கள். சிகிச்சையின் நடுவில் கேட்டால் பயிற்சியின் அளவும் நோயின் கடுமையும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும். உள்ளே நோய் மறுபடி தலைதூக்கும் ஒருவர், அது ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே சோர்ந்து நடையைக் குறைத்திருக்கலாம். பிறகு அவர் இறந்தால், நடக்காததால் இறந்தார் என்று தாள் சொல்லும். உண்மையில் அவர் இறந்துகொண்டிருந்ததால் நடக்கவில்லை. இந்தத் தலைகீழ்ச் சிக்கலைக் காலம் தள்ளிக் கேட்பதன் மூலம் குறைக்கலாம். முழுக்க ஒழிக்க முடியாது.

அப்படியானால் ஆள் சொல்வது உண்மைதானா என்று சோதிப்பது எப்படி? மிகக் கறாரான வழி ஒரு குவளைத் தண்ணீர். சாதாரணத் தண்ணீர் அல்ல. அதன் ஹைட்ரஜனில் ஒரு பகுதி டியூட்டீரியமாகவும் ஆக்சிஜனில் ஒரு பகுதி ஆக்சிஜன்-18 ஆகவும் இருக்கும். குடித்தபின் டியூட்டீரியம் உடலைவிட்டு நீராக மட்டுமே வெளியேறுகிறது. ஆக்சிஜன்-18 நீராகவும் போகிறது, மூச்சில் கரியமில வாயுவாகவும் போகிறது. ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதித்து இரண்டும் குறையும் வேகத்தைப் பார்த்தால், வித்தியாசம் கரியமில வாயுவின் அளவைக் காட்டிக்கொடுக்கும். அதிலிருந்து உடல் எரித்த சக்தி. மினசோட்டாவில் நேதன் லிஃப்சன் விலங்குகளில் கண்ட முறை இது. 1982இல் மனிதர்களுக்கும் வந்தது. ஆக்சிஜன்-18 விலை அதிகம் என்பதால் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுக்க முடியாது. சிலருக்குக் கொடுத்துப் படிவத்தின் யோக்கியதையைப் பார்க்கலாம்.

2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 40 முதல் 65 வயது வரையிலான 81 பெண்களுக்கு அப்படிக் கொடுத்தார்கள். கூடவே இன்னொரு படிவம். அதில் உடற்பயிற்சியைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பிறர் மெச்சும்படி தன்னைக் காட்டிக்கொள்ளும் விருப்பம் ஒருவருக்கு எவ்வளவு என்று அறிவதற்காக உளவியலாளர்கள் வைத்திருக்கும் கேள்விகள் அவை. அதில் அதிக மதிப்பெண் வாங்கியவர்களே தங்கள் உடலுழைப்பைத் தண்ணீர் காட்டியதைவிடக் கூட்டிச் சொன்னார்கள். ஏமாற்றும் எண்ணத்தோடு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘வழக்கமான வாரம்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நல்ல வாரம்தான்.

உலகம் முழுக்கப் பயன்படுத்தவென்று ஒரு சர்வதேச உடலுழைப்புப் படிவம் உருவாக்கப்பட்டு, 12 நாடுகளில் 14 இடங்களில் சோதிக்கப்பட்டு, 2003இல் முடிவுகள் வந்தன. ஒரே ஆளிடம் சில நாள் விட்டு மறுபடி கேட்டபோது இரண்டு பதில்களுக்கும் இடையிலான தொடர்பு எண் 0.8 அளவில் இருந்தது. அசைவை எண்ண இடுப்பில் கட்டிய கருவி சொன்னதோடு ஒப்பிட்டபோது அது 0.3ஆக இறங்கியது. மளிகைக் கடையில் எப்போது வைத்தாலும் 200 கிராம் கூட்டியே காட்டும் தராசு மாதிரி. மாறாத எடையைக் காட்டுகிறது என்பதற்காக அது சரியான எடை ஆகிவிடாது. கடைக்காரருக்குக் கடைக்காரர் அந்த 200 வேறுபடும் என்பதுதான் இதில் இன்னும் மோசம்.

2008இல் 187 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஸ்டெஃபனி பிரின்ஸ் குழுவினர், ஆள் சொன்னதற்கும் நேரடியாக அளந்ததற்கும் இடையிலான சராசரித் தொடர்பு 0.37 என்று கண்டார்கள். ஆள் சொல்வது எப்போதும் கூடுதலாக இருக்கும் என்றும் இல்லை. சில ஆய்வுகளில் குறைவாகவும் சொல்லியிருந்தார்கள். ஒரே திசையில் சாய்ந்தால் கழித்துத் திருத்திவிடலாம். இருபக்கமும் சாய்வதைத் திருத்த எளிய சூத்திரம் கிடையாது.

இதற்கெல்லாம் பொய்யைவிட ஞாபகமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். போன வாரம் எத்தனை தடவை நடந்தோம் என்ற எண் மூளையில் எங்கும் எழுதிவைக்கப்பட்டிருப்பதில்லை. கேட்டதும் நாம் அதை அந்த இடத்திலேயே தயாரிக்கிறோம். செவ்வாய், வியாழன் மாலை பயிற்சி வகுப்பு என்று நேரம் குறித்த சங்கதிகள் உடனே வரும். பேருந்து நிறுத்தம் வரை நடந்தது, மாடியில் துணி உலர்த்தப் போனது, மருந்துக்கடைக்குப் போய்வந்தது ஆகியவை வராது. ஓடியவர் ஓடியதைச் சரியாகச் சொல்கிறார். அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தவர்தான் தப்பாகச் சொல்கிறார். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை.

இதுவரை சொன்ன குறைகள் எல்லோருக்கும் பொது. மீண்டவர்களிடம் கேட்கும்போது சேரும் சிக்கல்கள் வேறு தினுசு.

முதலில், ‘வழக்கமான வாரம்’ என்ற ஒன்று அவர்களுக்கு இருக்கிறதா? பல கீமோ மருந்துகள் 21 நாட்களுக்கு ஒருமுறை ஏற்றப்படுகின்றன. ஏற்றிய பிறகு சில நாள் குமட்டலும் சோர்வும். இரண்டாவது வாரத்தில் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கி, கூட்டத்துக்குள் போகாதீர்கள் என்று சொல்லியிருப்பார்கள். மூன்றாவது வாரம் கொஞ்சம் தலைதூக்கும். பக்கத்துத் தெருவரை போய்வரலாம். அடுத்த திங்களன்று மறுபடி மருத்துவமனை. கடந்த 7 நாட்களைப் பற்றிக் கேட்கும் படிவம் எந்த வாரத்தில் கையில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அதே பெண் சோம்பேறியாகவோ சுறுசுறுப்பானவராகவோ பதிவாவார். பெரும்பாலும் அது மருத்துவமனைக்கு வரும் நாளில், அதாவது அடுத்த ஊசி போடும் நாளில், சுற்றின் மிக நல்ல வாரத்தின் முடிவில் கிடைக்கிறது. ஆய்வறிக்கைகளில் படிவம் சுற்றின் எத்தனையாவது நாளில் நிரப்பப்பட்டது என்ற தகவலைத் தேடுவது என் வழக்கம். அநேகமாக ஏமாற்றமே மிஞ்சும்.

கேட்பவர் யார் என்பதும் ஒரு சிக்கல். உயிரைக் காப்பாற்றிய மருத்துவர் போன தடவை ‘கொஞ்சம் நடங்கம்மா’ என்று சொல்லியிருப்பார். இப்போது அவருடைய அறை வாசலில் உட்கார்ந்து ‘நடந்தீர்களா’ என்ற தாளை நிரப்ப வேண்டும். ஒரு சுழியத்தை எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்!

ஆனால் இவற்றைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. கோடின் படிவம் கேட்பது ‘நெஞ்சு வேகமாக அடித்ததா’ என்று. அது வேகத்தைக் கேட்கவில்லை, நெஞ்சைக் கேட்கிறது. அந்த நெஞ்சுக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய மருந்து. கீமோவால் ரத்தசோகை வரும். மாதக்கணக்காகப் படுத்ததில் தசை கரைந்திருக்கும். பாக்ளிடாக்செல் என்ற இன்னொரு மருந்து பாதத்தை மரத்துப்போக வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட காலோடு ஒவ்வொரு அடியும் கவனித்து வைக்க வேண்டிய அடி.

2012இல் லீ ஜோன்ஸ் குழுவினர், சிகிச்சைக்கு முன், சிகிச்சையின்போது, சிகிச்சைக்குப் பின் என்று பல கட்டங்களில் இருந்த 248 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களைச் சோதித்தார்கள். அவர்கள் உச்சமாகப் பயன்படுத்த முடிந்த ஆக்சிஜன், அதே வயதில், உடற்பயிற்சியே செய்யாத ஆரோக்கியமான பெண்களைவிடச் சராசரியாக 27 சதவீதம் குறைவு. விளையாட்டு வீராங்கனைகளோடு ஒப்பிடவில்லை. சோபாவை விட்டு எழாதவர்களைவிட 27 குறைவு.

இதைக் கணக்காக்கினால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஆரோக்கியமான ஒரு பெண்ணின் உச்சத் திறன் 8 மெட் என்று வைத்துக்கொள்வோம். 27 சதவீதம் கழித்தால் 5.8. இருவரும் பூங்காவில் பக்கத்தில் பக்கத்தில், 4 மெட் வேகத்தில் நடக்கிறார்கள். முதல் பெண் தன் திறனில் பாதியைச் செலவிடுகிறார். இரண்டாமவர் 69 சதவீதத்தை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வரையறைப்படி 64 சதவீதத்தைத் தாண்டினால் அது கடும் பயிற்சி. ஒரே பாதை, ஒரே வேகம். ஒருவருக்கு நடுத்தரப் பயிற்சி, மற்றவருக்குக் கடும் பயிற்சி. வீட்டுக்கு வந்து படிவத்தை நிரப்பினால் முதலாமவர் இரண்டாவது வரியில் எழுதுவார், 5 மதிப்பெண். இரண்டாமவர் முதல் வரியில், 9. இடுப்பில் கருவி கட்டியிருந்தால் அது இருவருக்கும் ஒரே எண்ணைக் காட்டும், உடனே ஆய்வாளர் ‘இரண்டாமவர் கூட்டிச் சொல்லிவிட்டார்’ என்று குறித்துக்கொள்வார்.

கூட்டிச் சொன்னாரா? எரித்த கலோரியைத்தான் தேடுகிறோம் என்றால், ஆம். இதயத்துக்கும் தசைக்கும் எவ்வளவு பயிற்சி கிடைத்தது என்று தேடினால், சரியாகச் சொன்னவர் அவர்தான். தப்பு செய்தது கருவி. இத்துறையில் ‘பிழை’ என்று பதிவானவற்றில் ஒரு பகுதி உடம்பு சொன்ன உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெட் என்ற அலகும் கைசுத்தமானதல்ல. 1 மெட் என்பது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று எங்கும் எழுதியிருக்கிறது. 2005இல் நுவாலா பர்ன் குழுவினர் 769 பேரை அளந்தபோது சராசரி 2.6தான் வந்தது. கனமான உடலுக்கும் மூப்பு அடைந்த உடலுக்கும் அந்தப் புகழ்பெற்ற 3.5 பொருந்துவதில்லை. மீண்டவர்களில் பலர் வயதானவர்கள் என்பதையும், ஹார்மோன் சிகிச்சையில் எடை கூடியதாகச் சொல்பவர்கள் நிறைய என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

சரி, கேள்வியை விட்டுவிட்டுக் கருவியையே நம்பினால்? முடுக்கமானி என்ற சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டிவிட்டால் அது ஞாபகப் பிசகு இல்லாமல் ஒவ்வொரு அசைவையும் எண்ணும். அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் 2003-04இல் அதைக் கட்டிப் பார்த்தபோது, நாளுக்கு 30 நிமிடம் என்ற பரிந்துரையை எட்டிய பெரியவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. வாய்மொழியில் எட்டியவர்கள் அதைவிடப் பலமடங்கு. எல்லோரும் புளுகர்கள் என்று முடிவுகட்ட ஆசை வரும். கொஞ்சம் பொறுக்கலாம். இடுப்பில் கட்டிய பெட்டிக்கு மிதிவண்டி ஓட்டுவது தெரியாது. நீச்சலுக்குக் கழற்றி வைத்துவிடுவார்கள். குடத்தைச் சுமந்து நடப்பதும் வெறுங்கையோடு நடப்பதும் அதற்கு ஒன்றே. எந்த எண்ணிக்கைக்கு மேல் போனால் ‘நடுத்தரம்’ என்று எல்லைக்கோடு போட ஆய்வுகள் நெடுங்காலம் நம்பிய எண் நிமிடத்துக்கு 1,952. அது 1998இல் 50 பேரை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டுக் கண்டது, அவர்கள் இளைஞர்கள். அந்தக் கோட்டை 65 வயதில் கீமோ முடித்தவருக்கும் போடுகிறோம்.

கருவி செய்த மிகப் பெரிய உபகாரம் வேறு. அதே அமெரிக்கக் கணக்கெடுப்பில் இருந்த, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 111 பெண்களின் பதிவுகளைப் பிரிஜிட் லின்ச் குழுவினர் 2010இல் அலசினார்கள். கருவி அணிந்திருந்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உட்கார்ந்தபடி. மூன்றில் ஒரு பங்கு லேசான அசைவு. நடுத்தரமும் கடுமையும் சேர்ந்து சுமார் ஒரே ஒரு சதவீதம். நம் கேள்வித்தாள்கள் இத்தனை காலம் கவனமாக விசாரித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு சதவீதத்தை.

இந்த இடத்தில் கோடினின் பிற்காலத் திருத்தம் என்னை உறுத்துகிறது. 2011இல் அவர், ஆரோக்கியப் பலனை வைத்து ஆட்களைப் பிரிக்க வேண்டுமானால் மூன்றாவது வரியை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் கூட்டுங்கள் என்றார்: 24ஓ அதற்கு மேலோ வந்தால் சுறுசுறுப்பானவர், 14க்குக் கீழே என்றால் போதாதவர். பொதுமக்களுக்கான பரிந்துரைகளோடு பொருந்தும் நியாயமான யோசனைதான். ஆனால் முன்னே நாம் பார்த்த பெண்ணின் 25 இப்போது 10 ஆகிவிட்டது. அவருடைய ஐந்து மெதுநடைகளும் மறைந்துவிட்டன. படுக்கையிலிருந்து எழுந்து வாசல்வரை வருவதே சாதனையாக இருந்த ஒருவருக்கு அந்த ஐந்து நடைகள்தான் அந்த ஆண்டின் பெரிய மாற்றமாக இருக்கலாம்.

படிவத்தின் தொடக்கக் கேள்வியில் உள்ள ‘ஓய்வு நேரத்தில்’ என்ற நிபந்தனை, கனடாவைத் தாண்டி வந்தால் இன்னும் பெரிய வில்லங்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நீரிழிவுக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாகத் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகரில் 14,227 பேரின் உடலுழைப்பு விவரம் 2014இல் வெளியானது. 54 சதவீதத்தினர் போதிய உழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் பயிற்சி என்று எதையாவது செய்தவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. அப்படியானால் ஓய்வு நேரத்தை மட்டும் கேட்கும் படிவத்தை நம் ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனையில் கொடுத்தால் பத்தில் ஒன்பது தாளில் சுழியம்தான் வரும். அத்தனை சுழியங்களுக்குள் களையெடுக்கும் பெண்ணும் இருப்பார், நாளெல்லாம் தொலைக்காட்சி பார்ப்பவரும் இருப்பார். படிவத்துக்கு இருவரும் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் படிவம் வேலை, போக்குவரத்து, பொழுதுபோக்கு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறது. வீட்டு வேலையும் கூலியில்லா வேலையும் அதில் வேலைதான். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்தியர்களுக்கென்றே தனியாக ஒரு படிவத்தை உருவாக்கிச் சோதித்ததும் இதே குறையைத் தீர்க்கத்தான்.

அளவுகோல் இத்தனை கோணலாக இருக்க, பயிற்சி புற்றுநோயில் பயன் தருகிறது என்பதையே நம்பலாமா? நம்பலாம், அதற்கு இப்போது வலுவான காரணம் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்த ‘சேலஞ்ச்’ ஆய்வின் முடிவு 2025 ஜூனில் வந்தது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 55 மையங்கள். முன்னே சொன்ன கோர்னேயா இதன் தலைமையாளர்களில் ஒருவர். ஒரு பிரிவுக்கு உடல்நலக் கையேடு மட்டும். மறு பிரிவுக்குக் கையேட்டோடு மூன்று ஆண்டுகள் ஆள் வைத்து ஊக்கப்படுத்திய பயிற்சித் திட்டம். இலக்கு, முன்பு செய்ததைவிட வாரத்துக்கு 10 மெட்-மணி கூடுதல். ஐந்து ஆண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், கையேட்டுப் பிரிவில் 73.9. எட்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 90.3க்கு 83.2. தசை, மூட்டு வலிகள் பயிற்சிப் பிரிவில் கூடுதலாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்விலும் யார் எவ்வளவு பயிற்சி செய்தார் என்பதற்குக் கேள்வித்தாள் பயன்பட்டது. ஆனால் தீர்ப்பு அதைச் சார்ந்து நிற்கவில்லை. யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. நோய் திரும்பியதா என்பதை மருத்துவச் சோதனைகள் சொல்லின. நடுவில் இருந்த படிவம் கோணலாக இருந்தாலும் இரு முனைகளும் நேர். அதேசமயம், ‘எவ்வளவு செய்ய வேண்டும்’ என்று யாராவது துல்லியமாக ஓர் எண் சொன்னால், அந்த எண் மட்டும் மறுபடி படிவத்தின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஹோம்ஸின் 9ஐயும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஒன்பது மெட்-மணி நடந்தவர்கள் அல்ல, ஒன்பது என்று சொன்னவர்கள். கூட்டத்தை வரிசைப்படுத்தக் கேள்வித்தாள் போதும். மருந்துச்சீட்டு எழுத அது போதாது.

பிழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் அவை உண்மையான தொடர்பை மங்கலாக்கும், உண்டாக்காது. அதனால்தான் 0.37 போன்ற பரிதாபமான தொடர்பு எண்ணை வைத்துக்கொண்டும் செவிலியர் ஆய்வில் ஒரு வடிவம் தெரிந்தது. நல்ல அளவுகோல் இருந்திருந்தால் இன்னும் அழுத்தமாகத் தெரிந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. சிதறாமல் ஒரே பக்கம் குவியும் பிழைதான் ஆபத்து, பயிற்சிச் சோதனைகளில் அது வர வாய்ப்பு அதிகம்: பயிற்சிப் பிரிவில் இருப்பவர்களுக்கு எது நடுத்தரப் பயிற்சி, எது கடும் பயிற்சி என்று பயிற்சியாளர் சொல்லித்தருகிறார், மற்ற பிரிவுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரே தாளை இரண்டு பிரிவும் இரண்டு விதமாகப் படிக்கின்றன.

ஆளைப் பிறரோடு ஒப்பிடாமல் அவரோடு அவரையே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒப்பிட்டால் பிரச்சினை தீருமே என்று தோன்றும். கூட்டிச் சொல்பவர் எப்போதும் அதே அளவு கூட்டித்தானே சொல்வார்? கோடின் படிவத்தில் இதுவும் முழுக்கச் சரிவராது. கீமோ முடிந்த கையோடு வாரத்துக்கு 5 நாள், வீட்டிலிருந்து ஏரிக்கரை வரை ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடக்கத் தொடங்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் நெஞ்சு படபடக்கிறது, முதல் வரியில் எழுதுகிறார்: 45. நான்கைந்து மாதத்தில் அதே நடை பழகிவிடுகிறது, இரண்டாவது வரி: 25. ஆண்டு முடிவில் பேசிக்கொண்டே, சிரமமே தெரியாமல் போய்வருகிறார், மூன்றாவது வரி: 15. ரத்தம் ஊறியிருக்கிறது, தசை திரும்பியிருக்கிறது, இதயம் தேறியிருக்கிறது. மதிப்பெண் மட்டும் மூன்றில் ஒன்றாக விழுந்துவிட்டது. மூன்றாவது வரியைச் சேர்க்காத 2011 கணக்குப்படி அது சுழியம்.

இதனால்தான் இப்போது பல குழுக்கள் படிவத்தையும் கருவியையும் சேர்த்தே கொடுக்கின்றன. இரண்டும் முரண்படும் இடத்தை அழித்துத் திருத்தாமல், அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். கருவியின் எண் அப்படியே இருக்க, படிவத்தின் எண் இறங்கினால் ஆள் தேறிவருகிறார் என்று பொருள்கொள்ள இடமுண்டு. கருவியின் எண் அப்படியே இருக்க, போன மாதம் லேசாக இருந்த நடை இந்த மாதம் கடும் பயிற்சியாக எழுதப்பட்டிருந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.